சைக்கிளுக்கு ஒரு சர்க்யூட்: முதலில் எக்ஸெல், பிறகு சால்டரிங்

வீட்டிற்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. கேம்ஸ் விளையாடியாயிற்று, சினிமா பார்த்தாயிற்று, கடிதம் டைப் செய்தும் பார்த்தாயிற்று. "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி அடுத்து வரும். வீட்டில் பள்ளி அல்லது கல்லூரி மாணவர் இருந்தால், "புராஜெக்ட் செய்ய ஒரு ஐடியா சொல்லுங்கள்" என்ற கேள்வியும் சேர்ந்து வரும். இந்தக் கட்டுரை இரண்டிற்கும் பதில் தர முயல்கிறது. எடுத்துக் கொண்ட பொருள் சைக்கிள். இன்னும் சரியாகச் சொன்னால், இருட்டில் சைக்கிளில் செல்பவரை வண்டி மோதாமல் காப்பாற்றுவது எப்படி என்பது.

புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனைத் தெரிந்தவர்களுக்கு அங்குள்ள சாலைகளும் தெரிந்திருக்கும். நெட்டப்பாக்கத்திலிருந்து மடுகரை பக்கம் சென்றாலும், கரியமாணிக்கம் பக்கம் சென்றாலும் இரு புறமும் நெல்லும் கரும்பும்தான். ஊரைத் தாண்டினால் தெரு விளக்கு குறைவு. பொழுது சாய்ந்தபின் டியூஷன் முடிந்து வரும் பிள்ளைகளும், விடியும் முன் மோட்டார் போடச் செல்லும் விவசாயிகளும் இந்த இருட்டில்தான் சைக்கிள் மிதிக்கிறார்கள். அதே சாலையில் பஸ், மினி லாரி, கரும்பு ஏற்றிய டிராக்டர் எல்லாம் வருகின்றன.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தனர். இவர்களில் 4,800-க்கும் மேற்பட்டோர் சைக்கிளில் சென்றவர்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பள்ளி மாணவர்களுக்கு அரசே சைக்கிள் வழங்கி வந்திருக்கிறது. எனவே இது நம் வீட்டுப் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட விஷயம்.

என் புராஜெக்ட் கதை

இஞ்சினியரிங் கடைசி வருடத்தில் நானும் ஒரு சைக்கிள் பாதுகாப்பு புராஜெக்ட் செய்தேன். காரணம் என் அப்பா. ஒரு நாள் விடியற்காலை நான்கு மணிக்குக் கழனிக்கு மோட்டார் போடச் சென்றபோது, பின்னால் வந்த ஒரு வேனின் கண்ணாடி அவர் முழங்கையில் தட்டியது. வாய்க்கால் ஓரம் விழுந்ததில் கை எலும்பு முறிந்தது. வேன் நிற்கவில்லை.

எனவே, "பின்னால் வண்டி வந்தால் சைக்கிள்காரருக்கு எச்சரிக்கை ஒலி தரும் கருவி" என்று தலைப்பு வைத்தேன். ஒரு அர்டுயினோ போர்டு, ஒரு அல்ட்ராசானிக் சென்சார், ஒரு பஸ்ஸர், ஒரு 9 வோல்ட் பேட்டரி. இவ்வளவுதான் பாகங்கள். அல்ட்ராசானிக் சென்சார் நம் காதுக்குக் கேட்காத, விநாடிக்கு 40,000 அதிர்வுகள் கொண்ட ஒலியை அனுப்பும். அது எதிலாவது பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்து, தூரத்தைக் கணக்கிடும். வௌவால் பறக்கும் முறையும் இதுதான்.

லேபில் அருமையாக வேலை செய்தது. சென்சார் முன் கையை நீட்டினால் பஸ்ஸர் கத்தியது. கையை எடுத்தால் நின்றது. நல்ல மதிப்பெண்ணும் கிடைத்தது. பெருமையாக ஊருக்கு எடுத்து வந்து அப்பாவின் சைக்கிளில் கட்டினேன். மடுகரை சாலையில் ஒரு நடை போய் வந்த அப்பா, சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

"இது கத்துறப்போ வண்டி என் பக்கத்துலயே வந்துடுது. அப்புறம் கத்தி என்னடா பிரயோஜனம்?"

எனக்கு பதில் தெரியவில்லை. சென்சார் கெட்டிருக்கும் என்று நினைத்து வேறு வாங்கி மாட்டினேன். அதுவும் அப்படியே. சில வருடங்கள் கழித்து, வேலைக்குச் சேர்ந்த பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்ஸெல்லைத் திறந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் விடை தெரிந்துவிட்டது. புராஜெக்ட் தொடங்கும் முன் போட்டிருக்க வேண்டிய கணக்கு அது.

நான்கு மீட்டர் என்றால் எவ்வளவு நேரம்?

கடையில் கிடைக்கும் சாதாரண அல்ட்ராசானிக் சென்சார் அதிகபட்சம் 4 மீட்டர் தூரம் வரை பார்க்கும். பின்னால் வரும் வண்டியின் வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். சைக்கிள் அதே திசையில் 12 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. அப்படியானால் வண்டி சைக்கிளை நெருங்கும் வேகம் 60-12, அதாவது 48 கிலோமீட்டர். இதனை 3.6-ஆல் வகுத்தால் விநாடிக்கு 13.3 மீட்டர்.

4 மீட்டரைக் கடக்க ஆகும் நேரம்: 4-ஐ 13.3-ஆல் வகுத்தால், 0.3 விநாடி.

பஸ்ஸர் ஒலியைக் கேட்டு, அது என்ன என்று புரிந்து, ஹேண்டில்பாரைத் திருப்ப ஒரு மனிதருக்கு ஒரு விநாடியாவது வேண்டும். அப்பா சொன்னது சரி. சென்சாரில் எந்தக் கோளாறும் இல்லை. என் திட்டத்தில்தான் கோளாறு.

இதையே ரேடார் கொண்டு செய்தவர்களும் உண்டு. சுவீடனில் பேக்டிராக்கர் என்ற பெயரில் உருவான சைக்கிள் ரேடாரை, 2015-ல் கார்மின் நிறுவனம் வாங்கியது. கார்மின் இன்று வேரியா என்ற பெயரில் இத்தகைய ரேடார்களை விற்கிறது. பின்பக்க விளக்குடன் வரும் மாடல் 140 மீட்டர் தூரத்தில் வரும் வண்டியையும் கண்டுபிடித்துவிடும். மேலே உள்ள அதே வேகத்திற்குக் கணக்கிட்டால் 10 விநாடிக்கு மேல் அவகாசம் கிடைக்கிறது. ஆனால் விலை பல ஆயிரம் ரூபாய். மோட்டார் போடச் செல்பவரின் சைக்கிளுக்கு அது ஒத்து வராது.

எக்ஸெல்லில் நீங்களே போட்டுப் பாருங்கள்

இனி கணக்கை மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம். சைக்கிள்காரருக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தோம். வண்டி ஓட்டி வருபவருக்கு எவ்வளவு தூரம் தேவை?

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் திறந்து கொள்ளுங்கள். இல்லையென்றால் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமை இலவசமாக டவுன்லோட் செய்து கொள்ளலாம். இரண்டிலும் முறை ஒன்றே. கீழே ஏ, பி, சி, டி, இ என்று நான் தருவதை நீங்கள் ஆங்கில எழுத்துகளாக டைப் செய்திடவும்.

1. முதல் வரிசையில் தலைப்புகளைத் தரவும். ஏ1-ல் வேகம், பி1-ல் விநாடிக்கு மீட்டர், சி1-ல் யோசிக்கும் தூரம், டி1-ல் பிரேக் தூரம், இ1-ல் மொத்தம்.

2. ஏ2 முதல் ஏ6 வரை 30, 40, 50, 60, 80 என டைப் செய்திடவும். இவை மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற வேகங்கள்.

3. பி2 செல்லில் =ஏ2/3.6 என டைப் செய்து என்டர் தட்டவும். சமக்குறியுடன் தொடங்கினால்தான் எக்ஸெல் அதைக் கணக்கு என்று எடுத்துக் கொள்ளும்.

4. சி2 செல்லில் =பி2*1.5 எனத் தரவும். டிரைவர் ஆபத்தைப் பார்த்து, கால் பிரேக்கிற்குப் போக 1.5 விநாடி ஆகும் என எடுத்துக் கொள்கிறோம். அந்த நேரத்தில் வண்டி ஓடிவிடும் தூரம் இது.

5. டி2 செல்லில் =பி2*பி2/10 எனத் தரவும். வேகத்தின் வர்க்கத்தை, பிரேக் வலிமையின் இரு மடங்கால் வகுத்தால் பிரேக் தூரம் கிடைக்கும். காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்தால் விநாடிக்கு விநாடி 5 மீட்டர் வேகம் குறைவதாக வைத்துக் கொண்டிருக்கிறோம். அதன் இரு மடங்குதான் இந்த 10.

6. இ2 செல்லில் =சி2+டி2 எனத் தரவும்.

7. இப்போது பி2 முதல் இ2 வரை மவுஸால் தேர்ந்தெடுக்கவும். வலது கீழ் மூலையில் ஒரு சிறிய சதுரப் புள்ளி தெரியும். அதனைப் பிடித்து ஆறாவது வரிசை வரை இழுத்து விடவும். மற்ற வேகங்களுக்கும் விடைகள் தாமாகவே நிரம்பும்.

உங்களுக்குக் கிடைக்க வேண்டிய மொத்த தூரங்கள் இவை:

30 கி.மீ. வேகம்: 19.4 மீட்டர்
40 கி.மீ. வேகம்: 29.0 மீட்டர்
50 கி.மீ. வேகம்: 40.1 மீட்டர்
60 கி.மீ. வேகம்: 52.8 மீட்டர்
80 கி.மீ. வேகம்: 82.7 மீட்டர்

வேகம் 40-லிருந்து 80 ஆக, அதாவது இரு மடங்காகும்போது, தூரம் இரு மடங்கைத் தாண்டி மூன்று மடங்கை நெருங்குகிறது பாருங்கள். டி காலத்தில் வர்க்கம் இருப்பதுதான் காரணம்.

எதிரே வண்டி வரும்போது டிம் லைட் போட்டுக் கொண்டு வரும் டிரைவருக்கு, விளக்கொளியில் ரோடு சுமார் 40 மீட்டர் வரை தெரியும் என்று எடுத்துக் கொள்ளுங்கள். 50 கிலோமீட்டர் வேகத்திலேயே அந்த எல்லை முடிந்துவிடுகிறது. "சைக்கிளும்தான் முன்னே நகர்கிறதே?" என்று கேட்கலாம். சரியான கேள்வி. ஏ செல்லில் நெருங்கும் வேகமான 48-ஐத் தந்து பாருங்கள். 37.8 மீட்டர் என வரும். 40-க்குள் இருக்கிறது, ஆனால் மிச்சம் 2 மீட்டர்தான். மழை பெய்து ரோடு ஈரமாக இருந்தால் பிரேக் வலிமையை 5-க்குப் பதில் 3 என எடுக்க வேண்டும். டி செல்லில் 10-ஐ 6 ஆக மாற்றவும். இப்போது விடை 49.6 மீட்டர். டிரைவர் பார்த்த பிறகு பிரேக் போட்டும் பயன் இல்லை.

இந்தக் கணக்கு எனக்கு இரண்டு விஷயங்களைச் சொன்னது. ஒன்று, சைக்கிள் 40 மீட்டரில் தெரிந்தால் போதாது, 100 மீட்டருக்கு அப்பாலேயே தெரிய வேண்டும். இரண்டு, என் கருவி தவறான ஆளுக்குத் தகவல் சொல்லிக் கொண்டிருந்தது. பின்னால் வண்டி வருகிறது என்று அப்பாவுக்குத் தெரிந்து என்ன ஆகப் போகிறது? முன்னால் அப்பா இருக்கிறார் என்று டிரைவருக்கு அல்லவா தெரிய வேண்டும்!

கேள்வியிலிருந்து தொடங்கிய மாணவி

நான் தவறவிட்டதைச் சரியாகச் செய்த ஒரு மாணவியைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். அவர் பெயர் எமிலி புரூக். இங்கிலாந்தின் பிரைட்டன் பல்கலைக் கழகத்தில் புராடக்ட் டிசைன் படித்தவர். 2011-ல் கடைசி வருட புராஜெக்டாக அவர் எடுத்துக் கொண்டதும் சைக்கிள் பாதுகாப்பைத்தான்.

அவர் முதலில் பாகங்கள் வாங்கவில்லை. விபத்துகள் எப்படி நடக்கின்றன என்ற விவரங்களைத் தேடினார். உள்ளூர் நகராட்சி, பஸ் கம்பெனி, டிரைவர்களின் மனநிலையை ஆராய்பவர் எனப் பலரிடம் பேசினார். நகரத்தில் பெரும்பாலான விபத்துகளில் சைக்கிள்காரர் நேராகத்தான் போய்க் கொண்டிருக்கிறார், பக்கத்தில் வரும் வண்டிதான் அவரைக் கவனிக்காமல் திரும்பி மோதுகிறது என்பது தெரிய வந்தது. டிரைவரின் கண்ணாடியில் தெரியாத இடத்தில் சைக்கிள் இருப்பதுதான் காரணம்.

எனவே அவர் கேட்ட கேள்வி இதுதான்: சைக்கிள் தெரியாத இடத்தில் இருந்தாலும், அதன் அடையாளத்தை டிரைவர் பார்க்கும் இடத்தில் வைக்க முடியுமா? ஹேண்டில்பாரில் பொருத்தும் விளக்கில் பச்சை லேசர் ஒன்றைச் சேர்த்தார். அது சைக்கிளுக்கு 5, 6 மீட்டர் முன்னால், ரோட்டின் மேல், ஒரு சைக்கிள் படத்தை வரைந்து காட்டும். படம் முதலில் வரும், சைக்கிள் பின்னால் வரும்.

2012-ல் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளம் மூலம் மக்களிடம் 25,000 பவுண்டு கேட்டார். 55,000 பவுண்டு கிடைத்தது. லேசர் லைட் விற்பனைக்கு வந்தது. பின்னர் லண்டன் நகரின் வாடகை சைக்கிள்களிலும் பொருத்தப்பட்டது. அங்கு நடத்திய சோதனையில், இரவில் ஒரு வேன் டிரைவரைச் சுற்றியுள்ள இடங்களில் சாதாரண எல்.இ.டி. விளக்கு உள்ள சைக்கிள் 72 சதவீதம் தெரிந்தது. லேசருடன் 96 சதவீதம் தெரிந்தது.

அப்படியானால் நாமும் பச்சை லேசர் வாங்கி மாட்டிவிடலாமா? கூடாது. லண்டனில் தெரு விளக்கு உண்டு, சந்திப்புகள் அதிகம், ஆபத்து பக்கவாட்டில் இருந்து வருகிறது. ஊருக்கு வெளியே நம் சாலையில் இருட்டு அதிகம், ஆபத்து பின்னால் இருந்து வருகிறது. எமிலி புரூக்கிடம் இருந்து நாம் எடுத்துக் கொள்ள வேண்டியது அவருடைய விடையை அல்ல, கேள்வி கேட்ட முறையை.

சுவீடன் மாணவிகளின் காற்றுப்பை

இதே முறைக்கு இன்னொரு உதாரணமும் உண்டு. சுவீடனில் 2005-ல் 15 வயதிற்குட்பட்டவர்களுக்கு சைக்கிள் ஹெல்மெட் கட்டாயமானது. பெரியவர்கள் பலருக்கு ஹெல்மெட் பிடிக்கவில்லை. லுண்ட் பல்கலைக் கழகத்தில் இண்டஸ்ட்ரியல் டிசைன் படித்த அன்னா ஹாப்ட், தெரேஸே ஆல்ஸ்டின் என்ற இரு மாணவிகள், கழுத்துப் பட்டைக்குள் மறைந்திருக்கும் காற்றுப்பையைத் தங்கள் மாஸ்டர்ஸ் புராஜெக்டாக எடுத்துக் கொண்டனர். காரில் உள்ள ஏர்பேக் போலவே இது, விழும் கணத்தில் 0.1 விநாடியில் விரிந்து தலையைச் சுற்றிக் கொள்ளும்.

இதில் கம்ப்யூட்டர் வேலைதான் கடினம். குனிவது, பள்ளத்தில் இறங்குவது, படிக்கட்டில் ஓடுவது ஆகியவற்றில் பை விரியக் கூடாது. உண்மையாக விழும்போது கட்டாயம் விரிய வேண்டும். எனவே ஸ்டண்ட் கலைஞர்களையும் பொம்மைகளையும் விதவிதமாக விழ வைத்து, சென்சார் எண்களைப் பதிவு செய்தனர். சாதாரணமாக ஓட்டுபவர்களின் எண்களையும் பதிவு செய்தனர். இரண்டையும் ஒப்பிட்டுத்தான் புரோகிராம் எழுதப்பட்டது. பட்டையில் உள்ள சென்சார், விநாடிக்கு 200 தடவை அசைவைச் சோதிக்கும்.

ஹோவ்டிங் என்ற பெயரில் 2011-ல் விற்பனைக்கு வந்த இது பல வருடங்கள் விற்றது. ஆனால் 2023 டிசம்பரில் சுவீடன் அரசின் நுகர்வோர் அமைப்பு, பாதுகாப்பு தொடர்பான சந்தேகங்களால் அதன் மூன்றாவது மாடலின் விற்பனையை நிறுத்தியது. கம்பெனியும் திவாலானது. உயிர் காக்கும் கருவி நூற்றுக்கு நூறு தடவையும் வேலை செய்ய வேண்டும். லேபில் ஒரு தடவை வேலை செய்ததைப் பார்த்துப் பெருமைப்பட்ட எனக்கு இது நல்ல பாடம்.

டிரைவர் கண்ணுக்கு எது தெரிகிறது?

சரி, 100 மீட்டருக்கு அப்பால் தெரிய என்ன வழி? ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆராய்ச்சியாளர்கள் இதனை ஒரு மூடிய சாலையில், இரவில், உண்மையான டிரைவர்களை வைத்துச் சோதித்தனர். 2012-ல் வெளியான முடிவுகள் இவை. கறுப்பு உடை அணிந்த சைக்கிள்காரரை டிரைவர்கள் 2 சதவீதம் தடவைதான் அடையாளம் கண்டனர். பளிச்சென்ற ஃப்ளோரசன்ட் சட்டை என்றால் 15 சதவீதம். ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டை ஒட்டிய சட்டை என்றால் 50 சதவீதம். அதே சட்டையுடன் முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியபோது 90 சதவீதம்!

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. பகலில் கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் நிறம் இரவில் அதிகம் உதவாது. சூரிய ஒளியில் உள்ள புற ஊதாக் கதிர்களால்தான் அது ஜொலிக்கிறது. அடுத்தது, கால் மேலும் கீழும் ஆடுவதைப் பார்த்தவுடன், "அது ஒரு மனிதர்" என்று மூளை உடனே புரிந்து கொள்கிறது. எனவே பெடலில் உள்ள மஞ்சள் பிரதிபலிப்பான் அலங்காரத்திற்கு அல்ல. தயவு செய்து அதைக் கழற்றி எறிய வேண்டாம்.

பிரதிபலிப்பானுக்கு பேட்டரி வேண்டாம், ஸ்விட்ச் வேண்டாம். சிவப்பு பிளாஸ்டிக்கை உற்றுப் பார்த்தால் உள்ளே சிறு சிறு மூலைகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பெட்டியின் மூலை போல, மூன்று முகங்கள் செங்குத்தாகச் சேரும் இடம். எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தாலும் அது மூன்று முகங்களிலும் பட்டு, வந்த திசையிலேயே திரும்பிவிடும். எனவே லாரியின் ஹெட்லைட் ஒளி லாரி டிரைவரை நோக்கியே திரும்பிப் போகிறது. 1969-ல் அப்போலோ 11 விண்வெளி வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த லேசர் பிரதிபலிப்பானிலும் இதே வகை மூலைகள்தான், நூறு இருக்கின்றன. பூமியிலிருந்து அனுப்பும் லேசர் அதில் பட்டு இன்றும் திரும்பி வருகிறது.

கம்ப்யூட்டரிலேயே ஒரு பின் விளக்கு

பிரதிபலிப்பானுடன் ஒரு சிவப்பு விளக்கும் இருந்தால், ஹெட்லைட் நேராகப் படாத வளைவிலும் சைக்கிள் தெரியும். இதுதான் நான் பரிந்துரைக்கும் மாணவர் புராஜெக்ட்: இருட்டியதும் தானாக மின்னும் பின் விளக்கு. பாகங்கள் எதையும் வாங்காமல் கம்ப்யூட்டரிலேயே செய்து பார்க்கலாம். இதற்கு ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் டிங்கர்கேட் என்ற இலவச இணையதளம் உதவுகிறது.

1. பிரவுசரில் டிங்கர்கேட் தளத்தைத் திறந்து ஒரு அக்கவுண்ட் உருவாக்கவும். சர்க்யூட்ஸ் பகுதியில் புதிய சர்க்யூட் ஒன்றைத் தொடங்கவும்.

2. வலது புறம் உள்ள பாகங்களிலிருந்து அர்டுயினோ ஊனோ, போட்டோ ரெசிஸ்டர், சிவப்பு எல்.இ.டி., 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், 220 ஓம் ரெசிஸ்டர் ஆகியவற்றை மவுஸால் இழுத்து வந்து விடவும்.

3. போட்டோ ரெசிஸ்டரின் ஒரு காலை 5 வோல்ட்டுடன் இணைக்கவும். மற்ற காலை ஏ0 என்ற பின்னுடன் இணைக்கவும். அதே இடத்திலிருந்து 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக கிரவுண்டிற்கு ஒரு இணைப்பு தரவும்.

4. 13-ஆம் பின்னிலிருந்து 220 ஓம் ரெசிஸ்டர் வழியாக எல்.இ.டி.யின் பாசிட்டிவ் காலுக்கும், மற்ற காலிலிருந்து கிரவுண்டிற்கும் இணைப்பு தரவும்.

5. கோட் பட்டனில் கிளிக் செய்தால் வண்ண வண்ண பிளாக்குகள் கிடைக்கும். ஏ0-ன் மதிப்பு 300-க்குக் கீழே இருந்தால் 13-ஆம் பின்னை 0.2 விநாடி ஆன், 0.2 விநாடி ஆஃப் செய்யும்படியும், இல்லையென்றால் ஆஃப் செய்யும்படியும் பிளாக்குகளை அடுக்கவும். ஏ0-ன் மதிப்பு 0 முதல் 1023-க்குள் இருக்கும். வெளிச்சம் குறையக் குறைய எண்ணும் குறையும்.

6. சிமுலேஷனைத் தொடங்கவும். போட்டோ ரெசிஸ்டர் மீது கிளிக் செய்தால் ஒரு ஸ்லைடர் கிடைக்கும். அதுதான் சூரியன். இருட்டாக்கினால் எல்.இ.டி. மின்னும்.

வேலை செய்துவிட்டதா? இப்போது அப்பாவின் கேள்வியைக் கேளுங்கள். இருட்டில் பின்னால் லாரி வருகிறது. அதன் ஹெட்லைட் போட்டோ ரெசிஸ்டர் மேல் விழுகிறது. விளக்கு என்ன செய்யும்? "பொழுது விடிந்துவிட்டது" என்று நினைத்து அணைந்துவிடும்! மிக அவசியமான நேரத்தில் காலை வாரிவிடும். ஸ்லைடரைத் திடீரென வெளிச்சமாக்கிப் பார்த்தால் இந்தத் தவறு வீட்டிலேயே தெரிந்துவிடும். தீர்வும் எளிது. போட்டோ ரெசிஸ்டரை வானம் பார்க்க, சிறு மறைப்புடன் வைக்கலாம். அல்லது வெளிச்சம் தொடர்ந்து இரண்டு நிமிடம் இருந்தால் மட்டும் அணையும்படி புரோகிராமை மாற்றலாம். இந்த மாற்றத்தை உங்கள் வேலையாக விட்டுவிடுகிறேன்.

இன்னொரு கணக்கும் போட வேண்டும். அர்டுயினோ ஊனோ சும்மா இருக்கும்போதே சுமார் 50 மில்லி ஆம்பியர் எடுக்கும். 9 வோல்ட் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 500 மில்லி ஆம்பியர் மணி. வகுத்தால் 10 மணி நேரம். நாளைக்கு ஒரு மணி நேரம் ஓட்டினால் பத்து நாளில் பேட்டரி காலி. எனவே கற்றுக் கொள்ளவும் மதிப்பெண் வாங்கவும் அர்டுயினோ நல்லது. தினமும் ஓட்டும் சைக்கிளுக்கு சைக்கிள் கடையில் விற்கும் சிறிய சிவப்பு எல்.இ.டி. விளக்கே நல்லது.

உங்கள் சைக்கிளில் இன்றே செய்ய வேண்டியவை

* பின்பக்கச் சிவப்பு பிரதிபலிப்பான் இருக்கிறதா, உடைந்திருக்கிறதா எனப் பார்க்கவும். சேறும் தூசியும் படிந்திருந்தால் துடைக்கவும். சாய்ந்திருந்தால் நிமிர்த்தி நேர் பின்னால் பார்க்கும்படி வைக்கவும்.

* இரு பெடல்களிலும், சக்கரக் கம்பிகளிலும் பிரதிபலிப்பான் இருக்க வேண்டும். வாங்கும்போது தரம் பார்க்கவும். சைக்கிள் பிரதிபலிப்பான்களுக்கு மத்திய அரசு 2020-ல் தரக் கட்டுப்பாட்டு ஆணை வெளியிட்டுள்ளது.

* கணுக்காலில் பிரதிபலிப்புப் பட்டை கட்டவும். பள்ளிப் பையின் பின்புறமும் ஒட்டலாம்.

* கேரியரில் மூட்டையோ புல் கட்டோ வைத்தால் அது பின் விளக்கையும் பிரதிபலிப்பானையும் மறைக்கிறதா எனப் பின்னால் நின்று பார்க்கவும்.

* டைனமோ விளக்கு உள்ள பழைய சைக்கிள் என்றால், நின்றவுடன் விளக்கு அணைந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். பிரதிபலிப்பான் கட்டாயம்.

* எல்லாம் முடிந்தபின், இரவில் சைக்கிளை ரோட்டோரம் நிறுத்தி, 100 மீட்டர் தள்ளி நின்று டார்ச்சைக் கண்ணுக்கு அருகில் பிடித்து அடித்துப் பாருங்கள். தெரிய வேண்டும். அதுதான் உண்மையான சோதனை.

அப்பாவின் சைக்கிளில் இப்போது பஸ்ஸர் இல்லை. பின்னால் ஒரு சிவப்பு பிரதிபலிப்பானும் ஒரு சின்ன எல்.இ.டி. விளக்கும், பெடலில் நான்கு மஞ்சள் துண்டுகளும் இருக்கின்றன. என் பழைய புராஜெக்ட்டில் செலவான பணத்தில் ஒரு சிறு பங்குகூட இதற்கு ஆகவில்லை. விடியற்காலையில் அவர் கழனிக்குக் கிளம்பும்போது, வாசலில் நின்று பார்ப்பேன். தெரு முனை திரும்பும் வரை அந்தச் சிவப்புப் புள்ளி தெரிகிறது.

உங்கள் வீட்டிலும் யாராவது இருட்டில் சைக்கிளில் செல்கிறார்களா? இன்று மாலையே எக்ஸெல் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பிறகு சைக்கிளின் பின்னால் போய் நின்று பாருங்கள்.